தொரைய வச்சிருந்த ரூமு

எங்கள் வீட்டுச் சுவர்களில் மாட்டியிருக்கும் பலகைகளின் வாசகம் எல்லாமே என்னுடையது. எழுத்து மட்டும் பெயிண்டருடையது. முப்பது வருடத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதிய கை. ஓய்வு கொடுத்தாலும் சும்மா கிடக்காது. கல்யாணப் பத்திரிகையில் ஓர் ஒற்றுப்பிழை இருந்தால், பந்தியில் சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்திலேயே மாப்பிள்ளையின் அப்பாவைப் பிடித்துச் சொல்லிவிட்டு வருகிற ரகம் நான். உறவுக்காரர்கள் பத்திரிகை வைக்க வரும்போதே என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அப்படிப்பட்ட நான்தான் ஒரு முழுப் பொய்யைப் பிழையில்லாத தமிழில் எழுதி, மூன்று வருடம் சுவரில் மாட்டி வைத்திருந்தேன்.

சின்னமனூரிலிருந்து சற்றுத் தள்ளி, வயலுக்கும் வாழைக்கும் நடுவில் இருக்கிற ஊர் எங்களுடையது. எங்கள் வீட்டுக்கு ஊரில் காரை வீடு என்று பெயர். மற்றவர்களெல்லாம் மண்சுவர் எழுப்பிய காலத்தில் சுண்ணாம்புக் காரையில் கட்டிய வீடு. இப்போது தெரு முழுக்கக் கான்கிரீட் வந்துவிட்டது, பெயர் மட்டும் எங்களிடமே தங்கிவிட்டது. முன்னால் ஒரு முற்றம், பின்னால் ஒரு முற்றம், இரண்டுக்கும் நடுவில் தேக்குத் தூண்கள் நிற்கிற கூடம். முன்பாதி எனக்கு, பின்பாதி அண்ணனுக்கு என்று அப்பா எழுதி வைத்துவிட்டுப் போனார். பங்கு இரண்டானாலும் கூரை ஒன்றுதான். பின்பாதியை இடித்தால் முன்பாதி ஒரு மழைக்குத் தாங்காது. இது எனக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும்.

என் கணவர் காலமான பிறகு, வேலையும் முடிந்துவிட்டதால், பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தேன். அண்ணன் தேனியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். அவருக்குத் தன் பங்கை இடித்துக் கல்யாண மண்டபம் கட்ட ஆசை. பின்பக்கம் புதுச் சாலை வந்துவிட்டது, கார் நிறுத்த இடம் இருக்கிறது, மண்டபத் தொழில் செய்கிற ஒருவர் கூட்டுச் சேரத் தயாராக இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேகமலைக்குப் போகிற வேன் ஒன்று எங்கள் வாசலில் பஞ்சர் ஆனது. டயர் மாற்றுகிற வரைக்கும் அதில் வந்தவர்களை உள்ளே கூப்பிட்டு வீட்டைச் சுற்றிக் காட்டினேன். தூணில் செதுக்கியிருக்கிற கிளி, நெல் இறக்க மச்சில் விட்டிருக்கிற சதுர ஓட்டை, பிரசவத்துக்கென்றே ஒதுக்கிய அறை என்று ஒன்றொன்றாகச் சொல்லச் சொல்ல அவர்கள் போனை நீட்டிப் படம் எடுத்தார்கள். டயர் மாற்றி முடித்த பிறகும் கிளம்பவில்லை. எனக்கும் என் குரல் எனக்கே பிடித்துப் போனது. ஆபீஸில் முப்பது வருடம் நான் பேசியதை ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை.

அன்றிலிருந்து ஞாயிறு காலை பத்து மணிக்குக் கதவைத் திறந்து வைக்க ஆரம்பித்தேன். இன்றும் திறக்கிறேன். அண்ணன் முதலில் சிரித்தார்.

“ஏத்தா, இந்தப் பழைய வீட்டப் பாக்க எவன் வருவான்? ஒனக்குப் பொழுது போகலைன்னா கோயிலுக்குப் போ.”

அவரை மாற்றியது என் பேச்சு அல்ல. தொரை.

பின்முற்றத்தின் மேற்கு ஓரத்தில், மாட்டுக் கொட்டத்துச் சுவரை ஒட்டி ஒரு சிறிய அறை இருக்கிறது. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சன்னல், அதில் கம்பி. தரை வெறும் கல். எங்களுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வீட்டில் அதற்குப் பெயர் ‘தொரைய வச்சிருந்த ரூமு’. “மண்வெட்டி எங்கன இருக்கு?” என்றால் “தொரைய வச்சிருந்த ரூமுல பாரு” என்பார்கள். அப்பா சொல்வார், சித்தப்பா சொல்வார், வேலைக்கு வருகிறவர்களும் சொல்வார்கள். தொரை என்றால் வெள்ளைக்காரர். வெள்ளைக்காரர் என்றால் மேலே மேகமலையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்தவர். மலை ஏறுவதற்கு முன்னால் எங்கள் தாத்தா வீட்டில் தங்கிப் போயிருக்கிறார். யாரும் எங்களுக்கு இந்தக் கதையைச் சொன்னதில்லை. நானும் அண்ணனும் சின்ன வயதில் நாங்களாகவே சேர்த்துக்கொண்டது. பிறகு அதை நாங்களே நம்பிவிட்டோம்.

வருகிறவர்களிடம் ஒரு நாள் பேச்சோடு பேச்சாக இதைச் சொன்னேன். அவ்வளவுதான். தூணில் இருந்த கிளியை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் பின்முற்றத்துக்கு ஓடினார்கள். அன்று அங்கே இருந்த அண்ணனின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மண்டபப் பேச்சு அந்த மாதத்தோடு தள்ளிப் போயிற்று. “நம்ம வீட்டுல தொரை தங்கியிருக்காகன்னா சும்மாவா?” என்று தேனிக் கடையில் ஆணி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அடுத்த ஞாயிறு கம்பத்திலிருந்து ஒரு பழைய பிரம்பு நாற்காலி வந்தது. அதற்கடுத்த ஞாயிறு குமுளியில் வாங்கிய ஒரு தொப்பி வந்தது, வெள்ளைக்காரர் படத்தில் பார்க்கிற மாதிரியான தொப்பி. தொரை உட்கார்ந்த நாற்காலி என்றோ, போட்ட தொப்பி என்றோ நாங்கள் வாயைத் திறந்து சொன்னதில்லை. அங்கே வைத்துவிட்டு நகர்ந்துகொள்வோம். மற்றதை வருகிறவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

பலகையை நான் எழுதினேன். ‘ஆங்கிலேயத் துரை தங்கிய அறை. மேகமலைத் தேயிலைத் தோட்டங்கள் உருவான நாட்களில், மலையேறும் முன் துரை அவர்கள் இங்கு ஓய்வெடுத்துச் சென்றார்.’ எந்தத் துரை என்று கேட்டால் அண்ணன் ஒரு பெயர் சொல்வார். வாரத்துக்கு ஒரு பெயர். முதலெழுத்து விட்டுப்போன மனுவைத் திருப்பி அனுப்பிய நான், ஒரு நாள்கூட அவரை நிறுத்திக் கேட்கவில்லை. தொப்பியை மாட்டிக்கொண்டு நாற்காலியில் கால் மேல் கால் போட்டுப் படம் எடுக்கிறவர்கள் வரிசையில் நின்றார்கள். தொரையின் ஆவி வருமா என்று ஒரு பையன் கேட்டபோது, அண்ணன் ஒரு நிமிடம் யோசித்தார். நான் முறைத்ததால் தப்பித்தோம்.

கதவுகளைச் சரி பார்க்கப் போடியிலிருந்து ஓர் ஆசாரி வந்திருந்தார். அந்த அறைக் கதவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“ஏம்மா, இந்தக் கதவுக்கு உள்பக்கம் தாப்பாளே இல்லையே. எப்பவும் இருந்த தடமும் இல்ல. கொண்டி, நாதாங்கி எல்லாம் வெளியதான் இருக்கு.”

“தொரைக்கு என்னய்யா பயம்? அவரு எதுக்குத் தாப்பாள் போடணும்?” என்றார் அண்ணன்.

ஆசாரி சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்த அம்மா வந்தது ஐப்பசி மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். பஸ்ஸில் வந்து இறங்கி, குடையைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு தனியாக வந்தார். என் வயதுதான் இருக்கும், ஒன்றிரண்டு கூடலாம். மடிப்புக் கலையாத காட்டன் சேலை. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று பிறகு சொன்னார். முன்முற்றத்தில் நான் ஆரம்பித்த விளக்கத்தை அவர் கேட்கவில்லை. “பின்னாடி ஒரு ரூம் இருக்காம்ல?” என்றார். தொரைக்காக வருகிற இன்னொரு ஆள் என்று நினைத்துக்கொண்டு கூட்டிப் போனேன்.

அவர் உள்ளே போகவில்லை. வாசலுக்கு இந்தப் பக்கம் நின்று பலகையைப் படித்தார். இரண்டு முறை படித்தார்.

“இது நீங்க எழுதுனீகளா?”

ஆமாம் என்றேன், கொஞ்சம் பெருமையாகத்தான்.

“எந்தத் தொரை?”

அன்று அண்ணன் வந்திருக்கவில்லை. பெயர் சொல்ல ஆள் இல்லாததால், “மேல எஸ்டேட் தொரைங்க. பேரு சரியாத் தெரியல, ஆனா எங்க அப்பா காலத்துலருந்து இதைத் தொரைய வச்சிருந்த ரூமுன்னுதான் சொல்லுவாக” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். “வச்சிருந்த ரூமுதான். எங்க அய்யாவைத்தான் தொரைன்னு கூப்பிடுவாக.”

எனக்குப் புரியவில்லை. அவருடைய அய்யா எஸ்டேட்டில் பெரிய உத்தியோகம் பார்த்தாரோ என்று கேட்டேன். இதை இப்போது எழுதும்போதுகூடக் காது சுடுகிறது.

“உத்தியோகமெல்லாம் இல்லங்க. ஒங்க வயக்காட்டுல வேலை பாத்தவரு. ரெண்டு வருசம் மேல எஸ்டேட்டுக்குப் போயிட்டு வந்தாரு. வரும்போது வெள்ளச் சட்டை தச்சுப் போட்டுக்கிட்டு, காலுல செருப்போட, இந்தத் தெரு வழியா நடந்து வந்தாரு. இங்கன வாசல்ல இருந்தவுக எந்திரிச்சு, ‘வாங்க தொரை’ன்னாக. சட்டையக் கழட்டச் சொன்னாக. கழட்ட மாட்டேன்னாரு. அதுக்குத்தான் இதுல போட்டு அடைச்சாக. ஒரு பகல், ஒரு ராத்திரி. பெரியவரு சொன்னாக, அவுக மகன் வந்து கொண்டியப் போட்டாக. எங்க ஆத்தா மாட்டுக் கொட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்னு அழுதுச்சாம். அது சொல்லித்தான் எனக்குத் தெரியும். அய்யா வாயத் தெறந்து ஒரு வார்த்த சொன்னதில்ல.”

சத்தமாகப் பேசவில்லை. வார்டில் நோயாளியின் வீட்டாருக்கு விவரம் சொல்வது போல வரிசையாகச் சொன்னார். மறுநாள் கதவைத் திறந்துவிட்டபோது அவருடைய அய்யா அதே சட்டையோடு வெளியே நடந்தாராம். அந்த வாரமே குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வருசநாட்டுப் பக்கம் போய்விட்டாராம். இவர் பிறந்தது அங்கேதான்.

பெரியவர் என்றால் என் தாத்தா. அவருக்கு ஒரே மகன்தான். சித்தப்பா என்று நாங்கள் கூப்பிட்டது அப்பாவின் சித்தி மகனை. ஆக, கொண்டியைப் போட்டது என் அப்பா.

வெட்கப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு முதலில் வந்தது கோபம். ஆபீஸ் புத்தி முந்திக்கொண்டது. “இதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்குங்களா?” என்று கேட்டேன். ஆமாம், அப்படித்தான் கேட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் ஆதாரமே இல்லாத ஒரு வெள்ளைக்காரரை நாற்காலி போட்டு உட்கார வைத்தவள், அந்த அம்மாவிடம் ஆதாரம் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. கதவைக் கையால் தொட்டுக் காட்டி, “உள்ள போயி இதத் தாப்பாள் போட்டுக் காட்டுங்க” என்றார்.

நான் போகவில்லை. போக வேண்டிய தேவை இல்லை. ஆசாரி தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கூடவே, அப்பா ‘தொரைய வச்சிருந்த ரூமு’ என்று சொல்லும்போதெல்லாம் அவர் உதட்டோரத்தில் வந்து போகிற சிரிப்பும். சட்டையை நன்றாகத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தால் எங்கள் பக்கத்தில் “என்ன தொரை, எங்க கெளம்பிட்டீக?” என்று கேலி பேசுவார்கள். எனக்கு மட்டும் அது தெரியாதா? தெரிந்த கேலிதான். அது எங்கள் வீட்டிலும் பேசியிருக்கக் கூடிய கேலி என்று மட்டும் தோன்றவே இல்லை. எங்கள் வீடு என்றதும் தொரை உண்மையான தொரையாகிவிட்டார்.

என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். அந்த வார்த்தை அந்த இடத்துக்குப் போதவில்லை என்பது சொல்லும்போதே தெரிந்தது. காபி சாப்பிடுங்கள் என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார்.

“எங்க தம்பி பேத்தி ஸ்கூல் டூர்ல இங்கன வந்துச்சு. அந்தத் தொப்பிய மாட்டிக்கிட்டு அந்த நாக்காலியில உக்காந்து போட்டோ எடுத்துருக்கு. அத எனக்கு அனுப்பிச்சு. அதுக்கு எங்கன தெரியும், பாவம். எனக்கு அதப் பாத்ததுலருந்து சோறு எறங்கல. தொப்பிய எடுத்துருங்க. அதச் சொல்லத்தான் வந்தேன்.”

“பலகையையும் மாத்திடறேன். ஒங்க அய்யா பேரச் சொல்லுங்க, அவர் பேரையே போட்டு எழுதறேன்.”

அவர் தன் தம்பியிடம் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொல்லி என் போன் நம்பரைக் குறித்துக்கொண்டார். அக்கா என்று கூப்பிட எனக்கு வாய் வந்தது. எந்த உரிமையில் என்று தோன்றி நிறுத்திக்கொண்டேன். வாசல் வரைக்கும் கூடப் போனேன். எங்கள் தெருவில் அவர் நடந்து போவதைப் பஸ் நிறுத்தத்துக்குத் திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று சாயங்காலமே தொப்பியையும் நாற்காலியையும் மச்சில் ஏற்றிவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டேன். மறுநாள் காலையில் கடையைக்கூடத் திறக்காமல் வந்துவிட்டார்.

“யாரோ ஒரு பொம்பள வந்து சொன்னா போர்ட எடுத்துருவியா? அவுக சொல்றது நெசம்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?”

“தாப்பாள் எந்தப் பக்கம் இருக்குன்னு போயிப் பாருண்ணே.”

பார்க்கப் போகவில்லை. முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அவருக்கு அது நிஜம் என்று போனில் சொன்னபோதே தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். பொய் என்று நினைத்திருந்தால் சிரித்துக்கொண்டே வந்திருப்பார்.

“சரி, நெசமாவே இருக்கட்டும். அதுக்காக அப்பா பேரச் சந்தியில இழுத்து விடுவியா? அவரு செத்து எம்புட்டு வருசமாச்சு? இந்த வீடு நிக்கிறதே தொரையாலதான், அது ஞாபகம் இருக்கட்டும். ஒனக்கு வேணாம்னா போர்டக் கழட்டி வச்சிரு, ரூம பூட்டிப் போடு. வேற மாதிரி எழுதுனியோ, நான் என் பங்க இடிச்சுருவேன். மண்டபத்துக்காரரு இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு.”

நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. அடுத்த வீட்டில் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அவர் போன பிறகுதான் பயம் வந்தது. அந்தத் தூண்களை முந்திரி எண்ணெய் போட்டுத் தேய்த்தது நான். ஓடு ஒவ்வொன்றாக இறக்கிக் கழுவி ஏற்றியபோது கீழே நின்று கை நீட்டி வாங்கியது நான். கடுக்காய்த் தண்ணீர் ஊற்றிச் சுண்ணாம்பு குழைக்கத் தெரிந்த கொத்தனாரைத் தேடி ஜெயமங்கலம் வரைக்கும் அலைந்தது நான். பலகையை மாற்றினால் இதெல்லாம் போய்விடும். அறையைப் பூட்டிவிட்டால் எல்லாம் இருக்கும். ஒரு நாள் முழுக்க, பூட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பூட்டை எடுத்துக்கொண்டு பின்முற்றம் வரைக்கும் போனேன். அந்தக் கதவை வெளியே இருந்து இன்னொரு முறை பூட்டக் கை வரவில்லை.

உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். முதல் வரைவு: ‘இவ்வறையில் தொழிலாளி ஒருவர் ஒரு நாள் தங்கவைக்கப்பட்டார்.’ படித்தேன், கிழித்தேன். இரண்டாவது: ‘அக்கால வழக்கப்படி அடைத்து வைக்கப்பட்டார்.’ மூன்றாவதில் இன்னும் கெட்டிக்காரத்தனம்: ‘அடைத்து வைக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது.’ மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் என் தமிழ் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தது. வைக்கப்பட்டார் என்றால் யார் வைத்தது? ஆபீஸில் இதைத்தான் காலமெல்லாம் எழுதினேன். ‘கோப்பு தவறவிடப்பட்டது.’ ‘ஆணை பிறப்பிக்கப்பட்டது.’ தவறவிட்டவர் நாலு மேசை தள்ளி டீ குடித்துக்கொண்டிருப்பார், அவர் பெயர் வராது. நான் நல்ல எழுத்தர் என்று பெயர் வாங்கியதே இந்த வித்தையில்தான்.

அந்த வாரக் கடைசியில் அந்த அம்மா போன் செய்தார்.

“தம்பிகிட்ட கேட்டேங்க. அய்யா பேரு வேணாம்னு சொல்லிட்டான்.”

“ஏங்க? மரியாதையாத்தான் எழுதுவேன்.”

“எழுதுவீக. ஆனா அந்த வீட்டுச் செவுத்துல எங்க அய்யா பேரு எதுக்குங்க? ஒரு தடவ உள்ள வச்சது போதும்.”

அவரே தொடர்ந்தார்.

“அடைச்சவுக பேர எழுதுங்க. அதுதான சரி?”

அதுதான் சரி. வாக்கியம் தானாக வந்துவிட்டது. ‘மலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பி, சட்டையும் செருப்பும் அணிந்து இந்தத் தெருவில் நடந்த ஒருவரை, சட்டையைக் கழற்ற மறுத்ததற்காக, இந்த அறையில் ஒரு பகலும் ஓர் இரவும் அடைத்து வைத்தார்கள். தொரை என்பது அவரைக் கேலி செய்து கூப்பிட்ட பெயர். வெள்ளைக்காரர் எவரும் இங்கே தங்கவில்லை. அடைத்து வைத்தவர்கள்:’ அதற்குக் கீழே இரண்டு பெயர்கள். பெயிண்டர் இரண்டாவது பெயரில் தூரிகையை நிறுத்தி என்னைப் பார்த்தார். எழுதுங்கள் என்றேன். காய்ந்ததும் படம் எடுத்து அந்த அம்மாவுக்கு அனுப்பினேன். ‘சரி’ என்று ஒரே வார்த்தை வந்தது. அண்ணனுக்கும் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை.

நாலு ஞாயிறு அவர் வரவில்லை. வருகிறவர்களை நானே கூட்டிப் போனேன். அந்த அறைக்கு முன்னால் சிலர் படித்துவிட்டு நகர்ந்தார்கள். சிலர், “தொப்பி வச்ச ரூமுன்னு வீடியோல பாத்தமே, அது எங்க?” என்று கேட்டார்கள். ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இதையெல்லாம் எதுக்கும்மா இப்பக் கிளறிக்கிட்டு?” என்றார்.

ஐந்தாவது ஞாயிறு காலையில் அண்ணன் வந்தார். என்னிடம், “மண்டபத்துக்காரர வரச் சொல்லியிருக்கேன். பதினோரு மணிக்கு அளந்து பாக்க வருவாரு” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் பங்குக்குப் போய்விட்டார். நான் அடுப்படிக்குள் போய் நின்றேன். சண்டை போடத் தெம்பில்லை. அழுகையாக வந்தது, அழுதேன்.

அதே நேரம் பார்த்து மதுரையிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. முகத்தைக் கழுவிக்கொண்டு போய் முன்முற்றத்தில் ஆரம்பித்தேன். பாதிப் பேர் என்னோடு நின்றார்கள். ஒரு குடும்பம் மட்டும், அப்பா, அம்மா, பத்து வயதில் ஒரு பெண், தாங்களாகவே பின்பக்கம் போய்விட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து நானும் மற்றவர்களோடு கூடத்தைத் தாண்டி அங்கே போனேன்.

அண்ணன் அந்த அறைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பலகையை அன்றுதான் நேரில் பார்க்கிறார். பக்கத்தில் அந்தப் பெண் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். ‘அடைத்து வைத்தவர்கள்’ வரைக்கும் வந்து, இரண்டு பெயர்களையும் முதலெழுத்தோடு படித்து முடித்தாள். அண்ணனின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்து யார் என்று பார்த்தார். மணி பதினொன்று, மண்டபத்துக்காரராகத்தான் இருக்கும். அடிப்பதை நிறுத்திவிட்டு மறுபடி பைக்குள் போட்டார்.

அந்தப் பெண் அவரை வீட்டுக்காரர் என்று நினைத்தோ, காவலுக்கு நிற்கிறவர் என்று நினைத்தோ, “இவங்க ரெண்டு பேரும் யாரு அங்கிள்?” என்று கேட்டாள்.

அப்போதுதான் பார்த்தேன். பெயர்களை எழுதியிருந்தேன், உறவை எழுதவில்லை. படிக்கிறவர்களுக்கு அவர்கள் யாரோ இரண்டு பேர். அது என் கண்ணில் படாமல் போயிற்று என்று சொன்னால் நான் இன்னொரு பலகைப் பொய் எழுதுகிறேன் என்று அர்த்தம். தெரிந்துதான் விட்டிருக்கிறேன். மற்றவர்கள் எல்லோரும் அங்கே நின்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மேல இருக்கது எங்க தாத்தா” என்றார். பிறகு பலகையைத் தொட்டு, விரலை இரண்டாவது பெயருக்கு நகர்த்தினார். “இது எங்க அப்பா.”